கலர் அடிச்சதில்லை, மாமா

ஜனவரியில் மழை ஓய்ந்ததும் வெள்ளவத்தை மொட்டை மாடியில் நாலு இரவு நின்று, காலி வீதி வெளிச்சத்தோடும் லென்ஸில் படியும் கடற்காற்று ஈரத்தோடும் மல்லுக்கட்டி, 30 விநாடிப் படங்களாக 240 எடுத்து, அதாவது 2 மணி நேர ஒளி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரியன் நெபுலாவை, விண்வெளியில் வாயுவும் தூசும் சேர்ந்த அந்த மேகத்தை, கொண்டுவந்தேன். குடும்பக் குழுவில் போட்டால் மாமா கேட்கிறார்: "தம்பி, இது கலர் அடிச்சதுதானே?"

இல்லை! படத்திலுள்ள சிவப்பு அந்த மேகத்தின் ஹைட்ரஜன் விடும் ஒளி, அலைநீளம் 656 நானோமீட்டர். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கமெராவுக்குப் பிடிபடும். சுமார் 1,300 ஒளியாண்டு கடந்து வந்த வெளிச்சம் அது.

அப்புறம் மச்சாள், ஓரத்தை வெட்டி, மேலே 'காலை வணக்கம்' எழுதி எனக்கே அனுப்பியிருக்கிறாள். நெபுலாவின் நடுவிலுள்ள ட்ரபீசியம் என்ற நட்சத்திரக் கொத்தின் 4 பிரகாசமான நட்சத்திரங்களும் தனித்தனியாகத் தெரிய எவ்வளவு பாடுபட்டேன், எழுத்து சரியாக அதன்மேலேயே.