மகளிர் தினத்துக்கு நூலக வாசலில் கோலப்போட்டி போதும், உள்ளே கூப்பிடுங்கள்

போன வருஷம் மார்ச் 8 அன்று எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கோலப்போட்டி நடந்தது. முப்பது பெண்கள் வந்தார்கள். வாசலில் சுண்ணாம்பால் கட்டம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வெயில் ஏறுகிறவரை குனிந்து போட்டார்கள். முதல் பரிசு ஹாட்பாக்ஸ், இரண்டாவது டிபன் கேரியர், மற்ற எல்லோருக்கும் எவர்சில்வர் கிண்ணம். பதினொரு மணிக்கு ஆளுக்கொரு கிண்ணத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த முப்பது பேரில் ஒருவர்கூட செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வரவில்லை. வாருங்கள் என்று நாங்களும் கூப்பிடவில்லை. நடுவராக நின்ற எனக்கே அன்று அது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

கோலத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, மார்கழி முழுக்கப் போடுகிறவள்தான் நான். ஆனால் தினமும் தன் வீட்டு வாசலில் குனிகிற பெண்ணை வருஷத்தில் ஒரு நாள் நூலகத்துக்கு அழைத்து, அங்கேயும் வாசலிலேயே குனியவைத்து, சமையலறைப் பாத்திரத்தைப் பரிசாகக் கொடுத்து அனுப்புவதை என்னால் கொண்டாட்டம் என்று சொல்ல முடியாது. கோலப்போட்டியைக் கோயிலில் நடத்தலாம், பள்ளிக்கூடத்தில் நடத்தலாம். இந்த மண்ணில் நமக்கு முன்னால் வாழ்ந்த பெண்களின் கதை ஊரில் வேறு எங்கே இருக்கிறது? நூலக அலமாரியில்தான் இருக்கிறது.

இந்த வருஷம் மகளிர் தினம் ஞாயிற்றுக்கிழமை வந்தது நல்லதாகப் போயிற்று. வாசகர் வட்டத்தில் நாலு பேர் முன்கூட்டியே நூலகரிடம் பேசினோம். ஒரு மேசை மட்டும் கொடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்றோம். அவரும் ஆசையாகச் சம்மதித்தார். முதல் நாள் சாயங்காலம் அலமாரி அலமாரியாகத் தேடி, பெண்கள் எழுதியதும் பெண்களைப் பற்றியதுமாக அறுபதுக்கு மேல் எடுத்தோம். சில புத்தகங்களின் முதுகில் பெயரே அழிந்திருந்தது. அதில் ஒன்றைத் தூசி தட்டிப் பிரித்தால், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுதிய நாவல், ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’. 1936இல் வெளிவந்தது, எங்களிடம் இருப்பது மறுபதிப்பு. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். மொத்தம் மூன்றே முத்திரை. கடைசி முத்திரை 2011.

மூவலூர் எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை. மயிலாடுதுறையை ஒட்டி இருக்கிறது, டவுன் பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்த ஊரில் வளர்ந்த பெண் தானே வாழ்ந்து தப்பித்த தேவதாசிக் குடும்ப வாழ்க்கையை நாவலாக எழுதியிருக்கிறார். பதினைந்து வருஷமாக அதை எங்கள் ஊரில் ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

மறுநாள் காலை கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். அட்டையைப் பார்த்துவிட்டு, “அக்கா, இவங்க யாரு?” என்று கேட்டாள். “உனக்கு மாசாமாசம் ஆயிரம் ரூபாய் வருதில்ல?” என்றேன். “ஆமாக்கா, புதுமைப் பெண்.” “அந்தத் திட்டத்தோட முழுப் பேரு என்ன தெரியுமா?” யோசித்தாள், தெரியவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம் என்றேன். கையில் இருந்த புத்தகத்தை மறுபடியும் பார்த்தாள். “இவங்களா அக்கா அவங்க?” என்று கேட்டபோது அவள் குரல் தணிந்துவிட்டது.

1989இல் இவர் பெயரால் திருமண உதவித் திட்டம் வந்தது. 2022இல் அதுவே அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் மேல்படிப்புக்கான உதவியாக மாறியது. இத்தனை வருஷமாக விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்கிறோம், பாஸ்புக்கில் பணம் ஏறுகிறது. ஆளைத்தான் தெரியவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய நாம் சொல்லவில்லை.

அவளை உட்காரவைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1883இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தேவதாசிக் குடும்பத்தில் விடப்பட்டவர். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக் கட்டும் வழக்கத்தில் தன்னை இழக்க மாட்டேன் என்று மறுத்து, தனக்குப் பிடித்த சுயம்புப் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டவர். பிறகு ஊர் ஊராகப் போய் அந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். காங்கிரஸில் இருந்த காலத்தில், காக்கிநாடா மாநாட்டில் கொடி பிடிக்கக் கூடாது என்று தடை வந்தது. கொடிகளையே புடவையாகத் தைத்து உடுத்திக்கொண்டு போய் நின்றார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சிப் பக்கமிருந்து சென்னைக்கு நடந்து போன படையில் ஒரே பெண் அவர்தான். 42 நாள் நடை. அப்போது வயது ஐம்பத்தைந்து. அதைச் சொன்னதும் அந்தப் பெண், “எங்க அம்மாவைவிடப் பெரியவங்க” என்றாள்.

அந்தப் புத்தகத்தை அவளே எடுத்துக்கொண்டாள். நூலகர் முத்திரை குத்தினார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு நாலாவது முத்திரை.

மேசையில் இன்னும் பலர் இருந்தார்கள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பையன்களுக்கு நடுவே முதல் பெண்ணாகப் படித்து, டாக்டராகி, 1927இல் சட்டசபைக்குப் போன முத்துலட்சுமி ரெட்டி. எழுத்துப் பழக்கம் சரியாக வராத காலத்தில் முதல் நாடகத்தை வாயால் சொல்லித் தோழியை எழுதவைத்து, பிற்பாடு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய வை.மு. கோதைநாயகி. கர்ப்பிணியாகச் சிறையில் இருந்து, பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையோடு திரும்பவும் சிறைக்குப் போன கடலூர் அஞ்சலை அம்மாள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் ஒதுக்கிப் பேசலாம்.

தில்லையாடி வள்ளியம்மையைப் பள்ளிப் பாடத்தால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். பெயர் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். தில்லையாடி அவருடைய தாயாரின் ஊர். வள்ளியம்மை பிறந்தது ஜோஹன்னஸ்பர்க்கில். தில்லையாடியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. 1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒரே நாளில் நம்முடைய பெண்கள் மனைவி என்ற உரிமையை இழந்தார்கள். அதனால்தான் காந்தி அங்கே நடத்திய போராட்டத்தில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். காய்ச்சலோடு வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22இல், தன் பிறந்தநாளிலேயே, பதினாறு வயதில் இறந்தார். இந்தக் கல்யாண விஷயத்தைச் சொன்னபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். தியாகி என்று சொன்னால் எட்டி நின்று கும்பிடுகிறோம். எதற்காகச் சிறைக்குப் போனார் என்று சொன்னால்தான் அவர் நம் வீட்டுப் பெண்ணாகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். எங்கள் நூலகம் காலை எட்டிலிருந்து பதினொன்று, சாயங்காலம் நாலிலிருந்து ஏழு. காலையில் அந்த நேரத்தில்தான் வீட்டில் சோறு வடிக்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும், துணி துவைக்க வேண்டும். சாயங்காலம் மறுபடியும் அடுப்பு. ஒரு பெண்ணுக்குக் கை ஒழிவது பதினொன்றுக்கு மேல் நாலுக்குள். அந்த நேரத்தில் நூலகத்தில் பூட்டுத் தொங்குகிறது. பெண்கள் படிக்க வருவதில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் அந்தப் பூட்டைப் பார்க்கட்டும். வீட்டு வரி ஒரு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி சேர்த்துத்தானே கட்டுகிறோம்? அதில் ஆண் காசு, பெண் காசு என்று பிரிக்கிறார்களா?

இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்கிற எஸ்.ஆர். ரங்கநாதனும் எங்கள் பக்கத்துச் சீர்காழிக்காரர்தான். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அதை விளக்கும்போது பெண்களைப் பற்றித் தனியாகவே பேசியிருக்கிறார். வாரத்தில் இரண்டே இரண்டு நாள் மத்தியானம் திறந்து பாருங்கள். தன்னார்வலர் வேண்டுமென்றால் முதல் ஆளாக நான் வருகிறேன்.

அன்றைக்கு நடந்ததில் மனசில் நிற்கிற விஷயம் இது. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, மேலே ‘எங்கள் ஊர்ப் பெண்கள்’ என்று எழுதி மேசை ஓரத்தில் வைத்திருந்தோம். உங்கள் பாட்டி, அம்மா, நீங்கள் என்று யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்றோம். மத்தியானம் வரை ஒருவரும் தொடவில்லை. எழுபது வயதுக்கு மேல் ஆன ஒரு அம்மா பேத்தியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அறிவொளி இயக்கக் காலத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல், களை எடுத்துவிட்டு வந்த பெண்களுக்குத் தெருவிளக்கின் கீழே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவராம். மூன்று தெரு தள்ளி இருக்கிற எனக்கு இது தெரியாது.

பேனாவை வாங்கி, தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், தன்னிடம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பெண்களின் பெயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். கை நடுங்கியது. ஒவ்வொரு பெயரையும் எழுதும் முன் கண்ணை மூடி யோசித்தார். பதினோரு பெயர். “ஒம்போது பேரு இப்ப இல்லம்மா” என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா, “அதுல எங்க அத்தை பேரு இருக்கு, நானும் எழுதறேன்” என்று கையை நீட்டினார்.

இன்று காலை போய்ப் பார்த்தேன், நோட்டில் பத்தொன்பது பக்கம் நிறைந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலக வாசலில் கூடி, மூவலூருக்கும் அங்கிருந்து தில்லையாடிக்கும் போய்வருகிறோம். இதுவரை பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஆயிரம் ரூபாய்ப் பெண்ணும் அவள் அம்மாவும் வருகிறார்கள். வேனில் இன்னும் நாலு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சாப்பாடு நான் கட்டி எடுத்து வருகிறேன்.