நாற்பது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா?

மாத்திரை வேண்டாம், நியூரோஃபீட்பேக் (மூளை அலையைத் திரையில் காட்டி, அதை மாற்றப் பழக்கும் பயிற்சி) போகலாமா என்று கேட்கும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) உள்ள பெரியவர்களுக்கு: முன்பணம் கட்டிப் போகாதீர்கள்.

உச்சந்தலையில் ஒரு எலக்ட்ரோடு, காதில் ஒன்று. தீட்டா அலை (4–8 ஹெர்ட்ஸ்) இறங்கி, 13 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பீட்டா ஏறினால் திரையில் படம் ஓடும், புள்ளி ஏறும். ஆனால் பல்லைக் கடித்தாலே தாடைத் தசையின் மின்சாரம் பீட்டா கணக்கில் விழுந்துவிடும். கண் சிமிட்டல் தீட்டாவில் கலக்கும். கவனமாக இல்லாவிட்டால் நாற்பது சிட்டிங்கும் தாடையை இறுக்கத்தான் பழகியிருப்பீர்கள். வடிகட்டாத அலையைக் காட்டச் சொல்லி, எதிரிலேயே பல்லைக் கடித்துப் பாருங்கள். புள்ளி ஏறினால் எழுந்து வந்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிப் போகாதீர்கள், எலக்ட்ரோடு சரியாகப் பதியாமல் மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே இறங்காது, அலையும் தெளிவாகப் பதிவாகாது.

2017இல் ஜெர்மனியில் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், நிஜப் பயிற்சி பெற்றவர்களும் போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஒரே அளவுதான் தேறினார்கள். தேறியது உண்மை. அதற்குக் காரணம் அந்த அலை இல்லை.

டி.டி.சி.எஸ். (நனைத்த ஸ்பாஞ்சைத் தலையில் வைத்து, மூளைக்கு லேசான மின்சாரம் செலுத்தும் முறை) மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. 2022இல் வெளியான பிரேசில் ஆய்வில் 64 பேர், வீட்டிலேயே தினம் 30 நிமிடம், 2 மில்லியாம்பியர், நான்கு வாரம். போலிக் கருவி வைத்தவர்களைவிடக் கவனச்சிதறல் நன்றாகக் குறைந்தது. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. 9 வோல்ட் பேட்டரியில் நீங்களே செய்துகொள்ளவும் கூடாது. ஸ்பாஞ்சு காய்ந்தால் தோல் வெந்துவிடும். சொட்டச் சொட்ட நனைத்தால் உப்புநீர் வழிந்து, மின்சாரம் மூளைக்குப் போகாமல் தோல் மேலேயே ஓடிவிடும். நம் ஊர் மே மாதத்தில் நெற்றி வியர்வையும் அதே வேலையைச் செய்யும். ஸ்பாஞ்சைத் திருவொற்றியூர் போர்வெல் தண்ணீரில் நனைக்காதீர்கள், மருந்துக்கடை சலைன் (உப்புநீர்) போதும். வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகம் வைத்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

அந்தப் பணத்தை சி.பி.டி.க்கு (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) செலவிடுங்கள் என்பேன். அதில் சொல்லித் தருவது: ஒரே காலண்டர், ஒரே வேலைப் பட்டியல், பெரிய வேலையைத் துண்டு போடுவது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாத்திரை சாப்பிட்டும் தொந்தரவு மிச்சமிருந்தவர்களுக்குப் பன்னிரண்டு அமர்வில் பலன் தெரிந்தது. மாத்திரையில் இருப்பவர்கள் தானாக நிறுத்திவிட்டு எதையும் தொடங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஏ.டி.எச்.டி.தானா என்று உறுதி செய்யுங்கள். மணலியில் நைட் ஷிப்ட் பார்த்து நாலு மணி நேரம் தூங்குபவருக்கும் கவனம் நிற்காது. குறட்டை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று டாக்டர் கேட்பார். அதனால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகும்போது பழைய ராங்க் கார்டை எடுத்துப் போங்கள், முடிந்தால் அம்மாவையும் கூட்டிப் போங்கள்.