கர்ப்பிணி குடிக்கும் தண்ணீரை யார் பார்ப்பது?

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே பப்பாளி, அன்னாசி, எள்ளு எல்லாவற்றுக்கும் தடை போட்டுவிடுகிறோம். பழுத்த பப்பாளியால் பயமில்லை, காயில் இருக்கும் பால்தான் கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்று எலிகளிடம் செய்த ஒரு சோதனையில் 2002இலேயே சொல்லிவிட்டார்கள். சரி, பப்பாளி வேண்டாமென்றால் கொய்யா சாப்பிடட்டும், நஷ்டமில்லை. என் ஆதங்கம் வேறு. அவள் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அதே வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

ஹெபடைடிஸ் ஈ என்று ஒரு மஞ்சள் காமாலை இருக்கிறது. சாக்கடை கலந்த தண்ணீரால் பரவுவது. மற்றவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால், நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறந்துபோகக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. இப்படியொரு நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இத்தனைக்கும் இது நம் நாட்டு மண்ணில் கண்டறிந்த விஷயம். 1955இல் யமுனை வெள்ளத்தோடு கழிவுநீர் குடிநீரில் கலந்து டெல்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. 1978இல் காஷ்மீரில் மறுபடியும் பரவியபோது, டாக்டர் முகமது சுல்தான் குரூ அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார். இது அதுவரை தெரிந்திருந்த காமாலைக் கிருமிகளில் சேராத புதிய ஒன்று, கர்ப்பிணிகளைத்தான் அதிகம் கொல்கிறது என்று உலகுக்குச் சொன்னவர் அவர். இன்றைக்கும் நம் ஊரில் கர்ப்பிணிகளுக்குப் போடும் வழக்கமான தடுப்பூசிகளில் இதற்கென்று ஒன்றுமில்லை. தண்ணீரில் கவனமாக இருப்பதுதான் ஒரே வழி.

கேன் தண்ணீர்தானே என்று விடாதீர்கள். எந்தத் தண்ணீரானாலும் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடி வைத்துக் கொடுங்கள். மழைக்காலத்தில் இதில் சமரசமே கூடாது. மசக்கையில் நாக்கு புளிப்புக்கு அலையும், நியாயம்தான். மாங்காயை வீட்டில் கழுவி நறுக்கிக் கொடுங்கள், சூடாக ரசம் வைத்துக் கொடுங்கள். பானிபூரியில் பூரி எண்ணெயில் பொரிந்தது. அதற்குள் ஊற்றும் தண்ணீர்தான் வம்பு. கரும்புச்சாறில் போடும் ஐஸும், தள்ளுவண்டியில் நறுக்கி வைத்த பழமும் அப்படியே.

வளைகாப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ செய்கிறோம், அதாவது இந்த நோய் மிக மோசமாகத் தாக்கக்கூடிய காலத்தில். விடியற்காலையில் கிளறிய கலவை சாதம் மதியம் வரை மண்டபத்தில் இருக்கும். வருகிறவர்கள் ஆளுக்கொரு வாய் ஊட்டுவார்கள். அவளுக்கு மட்டும் வீட்டிலிருந்து கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு ஃபிளாஸ்க்கில் போகட்டும். சாப்பாட்டைச் சூடாக, முதல் பந்தியிலேயே போடுங்கள். ஊட்டுகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், நேற்றைய குழம்பு. வீணாகக் கூடாது என்று மிச்சம் மீதியை எல்லாம் கடைசியில் சாப்பிடுவது பல வீடுகளில் மருமகள்தான், வயிற்றில் பிள்ளை இருந்தாலும். கர்ப்பிணிகளை எளிதில் பிடிக்கும் லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். பழசை ஆவி பறக்கச் சூடாக்காமல் அவள் தட்டில் வைக்காதீர்கள். மிச்சத்தை வேறு யாராவது சாப்பிடுங்கள்.

கடைசி மாதங்களில் வாந்தி வந்தால் மசக்கை என்று தள்ளிப்போட வேண்டாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்காமல் போவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாலு நாள் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும், கர்ப்பிணி விஷயத்தில் கேட்காதீர்கள். கல்லீரல் செயலிழந்து நினைவு தப்பும் நிலைக்குப் போக அந்த நாலு நாள் போதும்.