குப்பைத்தொட்டிக்கு முன்னால் ஒரு அல்டூவே இருந்தார்

சனிக்கிழமை குழுவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "விடுங்க, தமாஷுக்குப் போட்டிருப்பார்" என்று ஆளாளுக்கு இன்பாக்ஸில் வந்து சமாதானம் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தமாஷ்தான். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியின் அல்டூவே பெயர் போட்ட சட்டையில் என் மகள் நிற்கும் படத்துக்குக் கீழே குப்பைத்தொட்டி படத்தைப் போடுவதும், அதற்கு வரிசையாக வந்து சிரிப்பு பொம்மை ஒட்டுவதும் தமாஷ் இல்லாமல் வேறென்ன? அவளுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. படம் பார்க்க வரும்.

பெயரை இழுக்கப் போவதில்லை. அவர் கேட்ட கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "குப்பைத்தொட்டி இல்லன்னா அல்டூவே யாரு?"

பதில் இருக்கிறது சார். எதிரணி கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகையை ஆஸ்ட்ரோஸ் அணி கேமராவில் திருடியது (2017-ல் அடுத்து வரும் பந்து எது என்று தன் பேட்டருக்குச் சொன்னது குப்பைத்தொட்டியைத் தட்டி) 2017-லும் 2018-இன் ஒரு பகுதியிலும். லீக்கே விசாரித்துச் சொன்னது, நான் சொல்லவில்லை. ஹோசே அல்டூவே பெரிய அணியில் கால் வைத்தது 2011 ஜூலை 20. நடுவில் இருக்கிற வருஷங்களை எந்தத் தொட்டியில் போடுவீர்கள்?

பதினாறு வயதில் வெனிசுலாவின் மராக்காய் நகரத்தில் ஆள் எடுக்கும் முகாமுக்குப் போனவரை, இவ்வளவு குட்டையாக இருக்கிறான், வயதில் ஏதோ பொய் என்று ஆஸ்ட்ரோஸ்காரர்களே திருப்பி அனுப்பினார்கள். அப்பா சொல்லி மறுநாள் பிறப்புச் சான்றிதழோடு திரும்பப் போய் நின்றார். கடைசியில் 2007-ல் கையெழுத்துக்குக் கிடைத்த பணம் 15,000 டாலர். நாலு பேர் கண்ணில் பட்ட பையன்களுக்கு லட்சக்கணக்கில் அள்ளிக் கொடுக்கிற தொழில் இது. 2011-ஐ அவர் ஆரம்பித்தது கீழ்மட்ட லான்காஸ்டர் அணியில்; பேட்டிங் சராசரி .408, அதாவது பத்துக்கு நாலு முறை ஹிட். அங்கிருந்து கார்பஸ் கிறிஸ்டி. அப்புறம் பெரிய லீக்குக்கு முந்தைய டிரிபிள்-ஏ படியை மிதிக்காமலே நேராக ஹூஸ்டன். முதல் ஹோம் ரன், அதுவும் பும்கார்னர் என்ற பெரிய பிட்சரின் பந்தில், சுவரைத் தாண்டிப் போனதல்ல; பந்து மைதானத்துக்குள்ளேயே உருள, நான்கு பேஸையும் ஓடியே எடுத்தது.

அந்த ஆஸ்ட்ரோஸ் எப்படிப்பட்ட அணி என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 2011-ல் 106 தோல்வி. 2012-ல் 107. 2013-ல் 111, அதிலும் கடைசி 15 ஆட்டங்கள் வரிசையாக. அந்த செப்டம்பரில் ஒரு ஆட்டத்துக்கு ஹூஸ்டனில் டிவி ரேட்டிங் 0.0 என்று வந்தது. (கேபிள் சண்டையில் ஊரில் பாதிக்கு மேல் அந்த சேனலே வரவில்லை என்பதும் நிஜம். இருந்தாலும் சைபர் சைபர்தான்.)

அந்த வருஷம் அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார். ஆபீஸில் ஆஸ்ட்ரோஸ் டிக்கெட்டை வாங்க ஆளில்லாமல் மேஜையில் வைத்திருந்தார்கள், எடுத்துக்கொண்டு போனேன். மேல்தட்டில் எங்களைச் சுற்றி எல்லாம் காலி நாற்காலி. அப்பாவுக்கு பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. "கிரவுண்டுக்குள்ள எதுக்குடா மேடு?" என்று சென்டர் ஃபீல்டில் அப்போது இருந்த சரிவைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் எங்கள் ஊர் ஆள், ஹாக்கி ஆடியவர். நாலைந்து இன்னிங்ஸ் போனதும் பேச்சை நிறுத்திவிட்டு அல்டூவே நின்ற செகண்ட் பேஸ் பக்கமே பார்க்க ஆரம்பித்தார். ஒரு தரைப்பந்து வலது பக்கமாக வேகமாக வந்தது. அல்டூவே இரண்டு எட்டு வைத்து, கையுறை மண்ணில் உரசுகிற மாதிரி குனிந்து அள்ளி, நிமிராமலே முதல் பேஸுக்கு எறிந்தார். "பந்து வர்றதுக்கு முன்னாடியே கால் போயிருச்சு பாரு. இது சொல்லிக்கொடுத்து வராது" என்றார் அப்பா. ஆஸ்ட்ரோஸ் அன்றைக்கும் தோற்றது, அதைச் சொல்லவே தேவையில்லை.

அதற்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அந்தக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தை எண்ணுங்கள். அப்போது அவரைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் உயரம் ஒன்றுதான். எந்தத் தூரத்தையும் 'இத்தனை அல்டூவே' என்று மாற்றிச் சொல்ல ஒரு இணையதளமே நடத்தினார்கள். அவர் பாட்டுக்கு 2012-ல் ஆஸ்ட்ரோஸிலிருந்து ஒரே ஆளாக, லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்தார்.

"தோற்கிற அணியில் யார் வேண்டுமானாலும் ஜொலிக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியா? எதிரே பந்து எறிகிறவன், இவர் மோசமான அணிக்காரர் என்று மெதுவாகவா எறிவான்? 2014-ல் 225 ஹிட், சராசரி .341, திருடிய பேஸ் 56. (பேஸ் திருடுவது என்றால் பந்து அடிபடும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது; அது ஆட்டத்தின் விதிப்படிதான், உடனே கிளம்பி வராதீர்கள்.) அணியின் பழைய நட்சத்திரம் கிரெய்க் பிஜியோவின் 210 ஹிட் அணிச் சாதனையை முறியடித்தார். லீக்கிலேயே அதிகச் சராசரிக்குக் கிடைக்கிற பேட்டிங் பட்டம், ஆஸ்ட்ரோஸ் வரலாற்றிலேயே முதல் முறை. சீசனின் கடைசி நாளில், உட்கார்ந்திருந்தாலே பட்டம் கிட்டத்தட்ட கையில் என்ற நிலை. முதலில் உட்கார வைப்பதாகத்தான் இருந்தார்கள். அன்றைக்கு ஆடி, நாலில் இரண்டு ஹிட் அடித்துவிட்டுத்தான் பட்டத்தை வாங்கினார்.

"ஆனாலும் 2017-ல் அவரும் அந்த அணியில்தானே?" ஆமாம், இருந்தார். கண்டித்திருக்க வேண்டும், கண்டிக்கவில்லை. அந்தச் சத்தங்களை வீடியோ வீடியோவாகக் கேட்டு எண்ணிய ரசிகர் ஒருவரின் கணக்கில், தொடர்ந்து ஆடியவர்களில் மிகக் குறைவாக வந்தது அல்டூவே பெயரில்தான். இதைச் சொன்னால் "முட்டுக் கொடுக்கிறான்" என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். 2017-ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கோப்பையும் வேண்டாம். 2014-ஐ மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

உண்மையில் என்னைக் குத்துவது வேறு. 2017 நவம்பரில் டவுன்டவுனில் வெற்றி ஊர்வலம் போனபோது, ஆரஞ்சு சட்டையும் தொப்பியுமாக செல்ஃபி எடுத்து இதே குழுவில் "நம்ம பசங்க" என்று போட்டவர் யார்? தேடிப் பார்த்தேன், படம் இன்னும் இருக்கிறது. 2013-ல் நான் டிக்கெட் சும்மா தருகிறேன் என்றபோது "அந்தத் தண்ட அணியையா பார்க்கணும்?" என்றவரும் அவரேதான். ஜெயித்தால் நம்ம பசங்க, மாட்டிக்கொண்டால் உன் மகளின் சட்டையா? அவளும் செகண்ட் பேஸ்தான் ஆடுகிறாள். அவளும் குட்டைதான். எங்கள் வீட்டில் எல்லோருமே குட்டைதான், அதற்கும் ஏதாவது படம் இருந்தால் போட்டுவிடுங்கள்.

கமெண்டில் பஸ்ஸர், 2019, யாங்கீஸ் என்று, அதாவது அந்த ஆட்டத்தில் அல்டூவே சட்டைக்குள் பஸ்ஸர் மாட்டியிருந்தார் என்ற வதந்தியோடு வரப்போகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை. 2013-ல் ஆஸ்ட்ரோஸுக்கு மூன்றாம் பேஸில் நின்றது யார் என்று கூகுளைப் பார்க்காமல் சொல்லுங்கள். அப்புறம் பேசுவோம்.