சும்மா தண்ணி பீய்ச்சுற வேலைதானே!

மண்ணு தோண்டுற எக்ஸ்கவேட்டரை கழுவறதுக்கு எங்கிட்ட கொண்டாந்து விட்டுட்டு "சும்மா தண்ணி பீய்ச்சுற வேலைதானே, அரை மணி நேரத்துல முடிச்சிருங்க"ன்னு சொல்றவங்கள என்னதான் பண்றது? வண்டிக்கு அடியில அண்டர்கேரேஜ் பக்கம் என்னைக்காவது குனிஞ்சு பாத்திருக்கீங்களா சார்? செயின் ஓடுற டிராக் ரோலருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல களிமண்ணு காஞ்சு செங்கல்லாவே ஆயிருக்கு, அத கம்பியால குத்தி பேத்து எடுத்தாத்தான் தண்ணியே உள்ள போகும். பூம்னு சொல்ற அந்த நீளக் கையோட மூட்டுப் பின்ன சுத்தியெல்லாம் கிரீஸும் புழுதியும் சேந்து அப்பிக் கெடக்கு, அதுக்கு பச்சத்தண்ணியே போதுமாம், சுடுதண்ணி, கிரீஸ கரைக்கிற டீகிரீசர்னு சொன்னா நான் பில்ல ஏத்துறேனாம்.

இதுல "பிரஷர கூட்டு, கூட்டு"ன்னு பக்கத்துல நின்னு டைரக்‌ஷன் வேற! 200 பார் பிரஷர்ல கிட்டக்க வச்சு ரேடியேட்டர்ல அடிச்சா மெல்லிசு தகடா இருக்குற ஃபின் எல்லாம் மடங்கிரும், அப்புறம் இன்ஜின் ஹீட்டாகுதுன்னு யாருகிட்ட வந்து நிப்பீங்க? வயரிங் கனெக்டர்ல தண்ணி பூந்து எரர் காட்டினாலும் நான்தான், ஏற்கெனவே உரிஞ்சு தொங்கிட்டிருந்த ஸ்டிக்கர் பிஞ்சாலும் நான்தான்.

கான்கிரீட் மிக்சர்காரங்க தனி ரகம். டிரம்முக்குள்ள கல்லாப் போனத தண்ணியிலயே கரைச்சுக் குடுக்கணுமாம், செட் ஆனப்புறம் அது கரையிற சாமானாய்யா? (ஒடைச்சு எடுக்குற சிப்பிங் ஆளக் கூப்பிடுங்கன்னா மொறைக்கிறாங்க.)

எல்லாம் முடிச்சு, மூட்டுப் பின்னுக்கெல்லாம் புது கிரீஸ் அடிச்சு, பளபளன்னு நிறுத்தினா நேரா சேத்துக்குள்ள எறக்கிட்டு மறுவாரம் "சரியாவே கழுவலையே"ன்னு போன்!