கேட்காத போதெல்லாம் கத்துகிற டிரைவர்

லேப்டாப் எவ்வளவு சூடாகிறது என்று நிமிடத்துக்கு ஒரு எண் ஒரு கோப்பில் விழ வேண்டும். கேட்டது அவ்வளவுதான். இதற்குப் போய் லினக்ஸின் மைய நிரலான கர்னலோடும், வன்பொருளை அதோடு பேச வைக்கும் டிரைவர்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது!

சென்சார்களை எல்லாம் எச்டபிள்யூமான் (hwmon) என்ற பெயரோடு எண் போட்டு வரிசையாக வைத்திருப்பார்கள். இன்றைக்கு ப்ராசஸர் மூன்றாவது, ரீபூட் செய்தால் ஐந்தாவது. எந்த டிரைவர் முந்திக்கொண்டு லோடாகிறதோ அதற்கு முதல் எண். எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவன் எஸ்எஸ்டியின் சூட்டை ப்ராசஸர் சூடு என்று சேமித்துக்கொண்டிருப்பான். பெயரைப் பார்த்துத் தேடு என்கிறார்கள். சரி, தேடுகிறேன்.

அப்புறம் இந்த ஏசிபிஐ தெர்மல் ஜோன், அதாவது லேப்டாப்போடு பதிந்து வரும் அடிப்படை நிரலான பயாஸ் சொல்கிற வெப்பநிலை. வீடியோ ரெண்டர் செய்தாலும் 27.8 டிகிரி, சும்மா கிடந்தாலும் 27.8. கத்திரி வெயிலில், ஃபேன் காற்றே அனலாக அடிக்கிற அறையில், அறையைவிடக் குளுகுளுவென்று ஒரு லேப்டாப்! ஏசிபிஐ விதிப்படி பயாஸ் வெப்பநிலையை கெல்வினில், பத்தால் பெருக்கிச் சொல்ல வேண்டும். இந்த பயாஸை எழுதிய புண்ணியவான் எந்த சென்சாரையும் தொடாமல் 3010 என்ற மாறாத எண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போய்விட்டார். 301 கெல்வினில் 273.2 போக மிச்சம் அந்த 27.8.

ப்ராசஸர் சூட்டைப் படிக்கும் கோர்டெம்ப் டிரைவராவது நேர்மையாக இருக்கிறது. இன்டெல் சிப் தன் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். வரம்பு 100, பாக்கி 45 என்றால், இந்த டிரைவர் கழித்துப் பார்த்து, ஆயிரத்தால் பெருக்கி, 55000 என்று கொடுக்கும். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

எனக்கு ரத்தம் கொதிப்பது ஃபேன் டிரைவரை நினைத்துத்தான். கர்னலோடு வராத, நாமே சேர்த்துக்கொள்ளும் தனி மாட்யூல் (துண்டு நிரல்) அது. ஒவ்வொரு முறை சென்சாரைப் படிக்கும்போதும் கர்னலின் செய்திகள் பதிவாகும் கர்னல் லாக்கில் ஒரு வரி தள்ளுகிறது. 52 டிகிரி. 53 டிகிரி. மறுபடி 52. யாரப்பா கேட்டது? கர்னல் லாக் ஒரு வட்ட பஃபர். நிரம்பினால் பழைய வரிகளின் மேலேயே எழுதும். வெளி டிஸ்க் பாதி காப்பியில் கழன்றுகொண்ட அன்று காரணம் தேடிப் போனால், கண்ணுக்கெட்டிய வரை 52, 53, 52, 53. அந்த லாக்கை டிஸ்க்கில் சேமித்துவைக்கும் ஜர்னலில் இருக்குமே என்பீர்கள். இருக்கும், இந்தக் குப்பைக்கு அடியில்! ஜர்னலும் தன் அளவு வரம்பைத் தாண்டினால் பழைய பதிவுகளைத்தான் முதலில் அழிக்கும். போன மாதப் பிழையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் போன மாதமே இல்லை.

டிரைவர் எழுதிப் பார்க்கும்போது பிரிண்ட் போடாதவர் யார்? அதை, சாதாரணமாக வாயே திறக்காத டீபக் நிலையில் போட்டிருக்கலாமே! வேண்டும்போது மட்டும் பேச வைக்க டைனமிக் டீபக் இருக்கிறது. கத்தியே தீருவேன் என்றால், 5 விநாடிக்கு 10 வரிக்கு மேல் விடாத ரேட்லிமிட்டாவது இருக்கிறது. எழுதியவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "அந்த வரியை எடுத்துவிட்டால் வெப்பத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?"

வரியை நானே வெட்டி எறிந்துவிட்டு மாட்யூலை கம்பைல் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இன்று காலையிலும் ஒன்று வந்திருக்கிறது.