ஒரிஜினல் எங்கேம்மா?

சனிக்கிழமை கண்காட்சியில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோ எடுத்ததே நீங்கள்தானே. என் மகளின் எட்சிங், அதாவது தகட்டில் கீறி அச்செடுத்த படம், அதன் முன்னால் நின்று, கையில் மைக்கோடு, "இது ஜெராக்ஸா? ஒரிஜினல் எங்கேம்மா?" என்றார் சிறப்பு விருந்தினர். எல்லாரும் சிரித்தீர்கள். சரி.

ஐயா, அதுதான் ஒரிஜினல். துத்தநாகத் தகட்டில் கீறி, அமிலத்தில் போட்டு, மை தடவித் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுத்தது. கீழே பென்சிலில் 3/10 என்றிருந்ததே, அது விலை இல்லை. பத்துப் பிரதியில் மூன்றாவது.

ஹேட்டர் என்று ஒரு லண்டன்காரர், கனவுபோல வரையும் சர்ரியலிஸ்ட் ஓவியர். வேதியியல் படித்து, ஈரானில் அபாதானில் எண்ணெய் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, 1927ல் பாரிஸில் அச்சுப் பட்டறை போட்டார். ஓவியர்கள் மிரோ, பிக்காசோ எல்லாம் அவரோடு வேலை செய்தவர்கள். ஹேட்டர் படத்தை முன்கூட்டி வரைந்துகொள்ள மாட்டார். உளி ஒரு கையில், தகட்டை மறு கையால் திருப்பிக்கொண்டே இருப்பார், கோடு தன் போக்கில் போகும். இதில் அவர் எதைப் பார்த்து நகல் எடுத்தார்?

"பாரிஸ் கதை வேலூருக்கு எதுக்கு?" கேட்பீர்கள் என்று தெரியும். காட்பாடியில் சித்தூர் பஸ் ஏறுங்கள். சித்தூர்ப் பக்கம் நந்தனூரில் 1925ல் பிறந்த அச்சுக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டி அதே பட்டறையில் ஹேட்டரோடு நின்றவர். 1911 வரை அந்தச் சித்தூர் நம் வடஆற்காடுதான். ஒரே தகட்டில் பல நிறம் எடுக்கும் முறை அந்தப் பாரிஸ் பட்டறையில்தான் உருவானது. எண்ணெய் கூடிய மைமேல் கெட்டி மை ஒட்டாது. கடினமான ரோலர் தகட்டின் மேட்டை மட்டும் தொடும், மெத்தென்றது பள்ளத்திலும் இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சைதாப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்த எங்கப்பா, மையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலில் இழுத்துப் பார்த்து, "இளகினா ஓடும், இறுகினா ஒட்டாது" என்பார். அவரைப் பத்திரிகை வாங்க வந்தவர்கள் திண்ணையைத் தாண்டி மதித்ததில்லை. பிரஸ்காரன்.

பத்துப் பிரதி இருந்தால் மதிப்பு எப்படி என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பத்து முடிந்ததும் தகட்டைக் குறுக்கே கீறிவிடுவாள், பதினொன்று கிடையாது. "தமாஷுக்குத்தானே சொன்னார்" என்பவர்களுக்குப் பதில் இல்லை. பதினேழு வயசுப் பெண்ணிடம் மைக்கில் தமாஷ்! பெரிய மனுஷரை இப்படிப் பேசலாமா என்கிறீர்களா? பேரைச் சொன்னேனா?

அன்று வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் உட்கார்ந்து நகக்கண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். லேசில் போகாது அந்த மை. என் கல்யாணத்தன்று அப்பா நகத்திலும் இருந்தது.